நீக்கும் முன் செய்ய வேண்டியவை: ஆர்எம் கட்டளையும் பிஜிபி நெறிமுறையும்

இணையத்தின் வலையமைப்புகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையையும், லினக்ஸில் கோப்பை நீக்கும் ஆர்எம் (rm) கட்டளையையும் ஒப்பிடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் கை தவறினால் மீளும் விதம் வேறு. முன்னெச்சரிக்கையும் அதற்கேற்ப மாறுகிறது.

ஆர்எம் கோப்பின் தரவைத் துடைப்பதில்லை. அடைவிலிருந்து பெயரை மட்டும் எடுக்கிறது. அத்தரவுக்கு வேறு பெயரும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லாதபோதுதான் இடம் விடுவிக்கப்படுகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் பதிவுக்கோப்பை நீக்கிவிட்டால், சேவையை நிறுத்தாமல், ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில், அந்நிரலின் எண்ணுக்குக் கீழே, அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எஃப்டி (fd) அடைவிலிருந்து அதை நகலெடுத்துவிடலாம். (பதற்றத்தில் சேவையை மறுதொடக்கம் செய்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.) மற்றபடி காப்புநகலை நம்பியிருக்க வேண்டியதுதான். எனவே பல கோப்புகளைக் குறிக்க ஆர்எம்முக்குக் கொடுக்கப்போகும் நட்சத்திரக் குறியுள்ள (*) அதே கோவையை, முதலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளைக்குக் கொடுத்துப் பட்டியலைப் படியுங்கள். பின்னர் பெரிய ஐ (-I) விருப்பத்துடன் ஆர்எம்மை இயக்கினால், மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கையில் ஒருமுறை கேட்கும். சிறிய ஐ (-i) ஒவ்வொரு கோப்புக்கும் கேட்பதால், சிறிது நேரத்தில் விரல் தானாகவே ‘ஆம்’ என்பதற்கான ஒய்யை (y) அழுத்தப் பழகிவிடும்.

பிஜிபியில் திரும்பப் பெற்ற வழியை மறுபடி அறிவித்தால் அது திரும்பிவிடும். ஆனால் அறிவிப்பதற்கு, வலையமைப்புகளுக்கிடையே தரவை வழிநடத்தும் கருவியான திசைவியை (ரூட்டர்) எட்ட முடிய வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது; அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட இயலாத, தளப் பெயர்களுக்கு முகவரி தரும் அதன் டிஎன்எஸ் சேவையகங்கள் தம் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, பொறியாளர்கள் நேரில் சென்று சீர்செய்யவேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது.

ஆதலால் இங்கே திரும்பும் பாதையை முதலில் அமையுங்கள். ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ் இயங்குதளமுள்ள திசைவியில் கமிட் கன்ஃபர்ம்ட் (commit confirmed) கட்டளையைப் பயன்படுத்தினால், 10 நிமிடங்களுக்குள் நீங்கள் உறுதி செய்யாதபோது பழைய அமைப்பு தானே திரும்பும். சிஸ்கோ திசைவிகளின் ஐஓஎஸ் இயங்குதளத்தில், மாற்றத்தைச் சேமிக்காமல், முன்கூட்டியே ரீலோட் இன் 10 (reload in 10) கொடுத்து வைக்கலாம்; ரத்து செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் திசைவி மறுதொடங்கிச் சேமித்த பழைய அமைப்புக்குத் திரும்பும். உங்கள் வலையமைப்பைச் சாராத தனித் தொடர்பில், திசைவியை நேரடியாக இயக்க உதவும் கன்சோல் அணுகலும் இருக்கட்டும். ஒவ்வொரு அண்டைத் திசைவிக்கும் அறிவிக்கப்படும் வழிகளின் எண்ணிக்கையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறித்து ஒப்பிடுங்கள். உறுதி செய்யும் முன், தம் திசைவியில் தெரியும் வழிகளைக் காட்ட வெளியார் நடத்தும் லுக்கிங் கிளாஸ் சேவையில் உங்கள் முகவரித் தொகுதி தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் திரையில் அண்டைத் திசைவியுடனான பிஜிபி அமர்வு உயிரோடிருப்பதை மட்டும் வைத்து உறுதி செய்துவிடாதீர்கள்.