சீனி குறைந்தது எதனால்? மூலிகை கொடுத்த நீரிழிவு எலி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனி வருத்தத்துக்கு மூலிகைச் சாறு கொடுத்துப் பார்த்த எலி ஆய்வுகளில் அடிக்கடி வரும் முடிவு இது: சாறு ஒட்சியேற்ற அழுத்தத்தை, அதாவது ஒட்சிசன் மூலிகங்கள் கலங்களுக்குச் செய்யும் சேதத்தைக் குறைத்தது, அதனால் சீனியும் குறைந்தது. இரண்டும் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். எது எதற்குக் காரணம் என்பதற்குத்தான் ஆதாரம் இருப்பதில்லை.

இரத்தத்தில் குளுக்கோசு கூடினால் கலங்களுக்குள் சுப்பர்ஒக்சைட் என்ற ஒட்சிசன் மூலிகத்தின் (எதையும் எளிதில் தாக்கும் துகளின்) உற்பத்தியும் கூடும். ஆகவே எந்த வழியில் சீனியை இறக்கினாலும் ஈரலில் கொழுப்பு ஒட்சியேறிச் சிதைந்ததைக் காட்டும் எம்.டி.ஏ. அளவு ஓரளவு இறங்கத்தான் செய்யும். இன்சுலின் ஊசி போட்டாலும் இறங்கும். இதைப் பிரித்துப் பார்க்க இன்சுலின் குழு ஒன்று வேண்டும். மூலிகைக் குழுவில் சீனி எவ்வளவு இறங்கியதோ அதே அளவுக்கு இன்சுலினால் இறக்கி, இரு குழுக்களின் எம்.டி.ஏ., குளுட்டாதயோன் (கலத்தின் சொந்த ஒட்சியேற்றத் தடுப்பான்) அளவுகளை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் மூலிகைக்குத் தனியான ஒட்சியேற்றத் தடுப்பு வேலை உண்டு என்று எழுத இடமில்லை. கூடுதலாக ஆறு எலி, தினமும் ஊசி என்று செலவும் அலுப்பும் உண்டுதான். ஆனால் இந்தக் குழுவை விட்டுவிட்டு, குழாயில் செய்யும் டி.பி.பி.எச். என்ற ஒட்சியேற்றத் தடுப்புச் சோதனையில் ஊதா நிறம் மறைந்ததைக் காட்டி ஓட்டையை அடைக்க முடியாது. வெறும் தேத்தண்ணியும் அந்த நிறத்தை அழிக்கும்.

சாறு கொடுக்கத் தொடங்கும் நேரமும் முக்கியம். எலிக்கு நீரிழிவை உண்டாக்கப் போடும் அலொக்சான், இன்சுலின் சுரக்கும் பீற்றா கலங்களைக் கொல்வதே ஒட்சிசன் மூலிகங்களை உண்டாக்கித்தான். சாற்றை அதற்கு முன்பே கொடுத்தால் நஞ்சு முறிகிறது, எலிக்கு நோயே வருவதில்லை. அதைத் தடுப்பு என்று எழுதலாம், சிகிச்சை என்று எழுதக்கூடாது. சிகிச்சையைப் பார்க்க வேண்டுமானால் அலொக்சான் ஊசி போட்டு 72 மணித்தியாலத்துக்குப் பின் சீனி பாருங்கள். டெசிலீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் உள்ள எலிகளை ஒரு கிழமை விட்டு மறுபடி பார்த்து, அதன் பிறகே குலுக்கல் முறையில் குழு பிரியுங்கள். அலொக்சான் கொடுத்த எலிகளில் சில தாமாகவே தேறிவிடும். அவற்றை மூலிகைக் குழுவில் வைத்துக்கொண்டால் மருந்துக்கு இல்லாத பெருமை சேரும்.

நீரிழிவை உண்டாக்கும் இன்னொரு நஞ்சான ஸ்ட்ரெப்டோசோட்டோசினைப் பயன்படுத்துவோருக்குக் கொழும்பின் ஈரக்காற்று தனித் தலையிடி. மைனஸ் 20 பாகையில் இருந்த குப்பியை எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் படிந்து தூள் கெடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியபடியே வைத்திருங்கள். கரைப்பதற்கு 0.1 மோலார் சிற்றிரேற்றுத் தாங்கற் கரைசல், பி.எச். 4.5, பனிக்கட்டியில் குளிர வைத்தது. நாலைந்து எலிக்குப் போதுமானதை மட்டும் நிறுத்துக் கரைத்து, குழாயை அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடத்துக்குள் ஏற்றி முடியுங்கள். இருபது எலிக்கும் ஒன்றாகக் கரைத்து வைத்தால் கடைசி எலிகளுக்குப் போவது பாதி வீரியம் இழந்த மருந்து. அவை நோயாளி போலவும் இல்லாமல் நலமாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும். முதல் இரவில் எலிகள் செத்தால் மருந்தின் அளவை மட்டும் குறை சொல்லாதீர்கள்: சிதையும் கலங்கள் இன்சுலினைக் கொட்டுவதால் சீனி அடிமட்டத்துக்கு விழுகிறது. முதல் 24 மணித்தியாலத்துக்கு 5 முதல் 10 வீதக் குளுக்கோசு நீர் வையுங்கள். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், இது புற்றுநோய் ஆக்கக்கூடிய பொருள்.

ஒப்பீட்டு மருந்தாகக் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது இன்னொரு பழக்கம். அது வேலை செய்ய உயிருள்ள பீற்றா கலங்கள் வேண்டும். கிலோவுக்கு 60 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்த பிறகு, கிளிபென்கிளமைட்டுக்கு நிகரான பலன் என்ற வரிக்குப் பெறுமதி குறைவு. கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியில் நிலைமை வேறு. அதிலுள்ள சலசினோல் குடலில் மாச்சத்தை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. வெறும் வயிற்றுச் சீனியிலோ குளுக்கோசு குடிக்கக் கொடுத்தோ பார்த்தால் அந்த வேலை தெரியாது. சுக்குரோசு அல்லது மாப்பொருள் கொடுத்து 30, 60, 120 நிமிடங்களில் அளக்க வேண்டும்.

புறக்கோட்டை கபோஸ் லேனில் வாங்கிய பொடியை வைத்து ஆய்வு தொடங்காதீர்கள். பொடியில் எந்தச் செடி இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. செடியாக எடுத்து, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிசெய்து, மாதிரி எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே அளவு போக வேண்டும். அந்தக் கரைப்பானே ஐதரொட்சில் மூலிகத்தைப் பிடிக்கும் பொருள்.

கடைசி நாளில் கெடுவதும் அதிகம். கீற்றமின்–சைலசின் மயக்கத்தில் எடுத்த இரத்தத்தில் சீனி பார்க்கக்கூடாது, சைலசின் இன்சுலின் சுரப்பைத் தடுத்துச் சீனியை ஏற்றிவிடும். மயக்கத்துக்கு முன்பே வாலில் ஒரு துளி எடுத்துவிடுங்கள். ஈரலைக் குளிர்ந்த உப்புநீரால் வெளிறும்வரை கழுவாவிட்டால் நீங்கள் அளப்பது செங்குருதிக் கலங்களிலுள்ள கற்றலேசு என்ற ஒட்சியேற்றத் தடுப்பு நொதியத்தையும் சேர்த்துத்தான். எம்.டி.ஏ.யை 532 நனோமீற்றரில் பார்க்கும்போது, இழையத்தைச் சுக்குரோசு கலந்த கரைசலில் அரைத்திருந்தால் அந்தச் சுக்குரோசும் சோதனைக்குச் சேர்க்கும் தயோபாபிற்றியூரிக் அமிலத்துடன் நிறம் தரும். அரைக்கும்போதே பி.எச்.ரி. என்ற ஒட்சியேற்றத் தடுப்பானைச் சேர்க்காவிட்டால் குழாய்க்குள்ளேயே ஒட்சியேற்றம் தொடரும்.

பிறகு மனிதருக்கான அளவு. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் அதை நேரே 60 கிலோவால் பெருக்கி 12 கிராம் என்று எழுதுகிறார்கள். உடல் மேற்பரப்பைக் கணக்கில் எடுத்து 6.2ஆல் வகுக்க வேண்டும்: கிலோவுக்கு 32 மில்லிகிராம், ஆளுக்குச் சுமார் 1.9 கிராம் சாறு. உலர் இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகக் கிடைக்கிறது என்றால் நாளுக்கு 19 கிராம் இலை. எலிக்கு 1000 மில்லிகிராம் கொடுத்திருந்தால் அது 97 கிராமாகிவிடும், அவ்வளவு இலையைத் தினமும் அவித்துக் குடிக்க யாராலும் முடியாது. ஆய்வு அளவைத் தீர்மானிக்கும் அன்றே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.