பொருளறிவியலாளர் தம் மேற்கோள் கணக்கைத் தொகுக்கும் முறை

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ பணியாற்றும் பொருளறிவியலாளர் ஒருவர், பதவி உயர்வுக்கோ ஆய்வு மானியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, தம் கட்டுரைகளின் பட்டியலையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களின், அதாவது பின்வந்த கட்டுரைகள் அவற்றைச் சான்றாகச் சுட்டியவற்றின், கணக்கையும் இணைக்க நேரிடும். அந்தக் கணக்கில் பிழை புகும் முதல் இடம் அவருடைய பெயர்தான்.

தமிழருக்கு இது சற்றுக் கூடுதலான வேலை. இங்கே பிறந்தவரின் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ என்ற குறியோடு தந்தையின் பெயர் இருக்கக்கூடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கோ அதே பெயர் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஓர் ஆய்விதழ் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக அச்சிட, மற்றொன்று சொந்தப் பெயரையே குடும்பப்பெயராக்கிவிட, ஒரே மனிதர் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். பெயர் குமார் என்றிருந்தால் எதிர்ச்சிக்கலும் சேரும்: முகம் தெரியாத இன்னொரு குமாரின் கட்டுரைகள் இவர் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே முதலில் ஆர்க்கிட் (ORCID) எண்ணைப் பெற வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இடங்கள் கொண்ட அடையாள எண்ணை இலவசமாக வழங்குகிறது. அடுத்து, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோப்பஸில் தம் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, பிரிந்து கிடக்கும் பக்கங்களை ஒன்றாக்கும்படி அங்குள்ள திருத்தப் படிவத்தின் வழியே கோர வேண்டும். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் புதிய கட்டுரைகள் தாமாகச் சேர்வதை நிறுத்தி, தம் ஒப்புதலுக்குப் பிறகே சேரும்படி அமைத்துக்கொள்வது நல்லது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் பிறர் கட்டுரையைத் தம் பட்டியலில் வைத்திருப்பதாகப் பின்னாளில் ஒருவர் சுட்டிக்காட்டும் சங்கடம் இதனால் தவிரும்.

பெயர் சீரான பிறகே எச்-குறியீட்டுக்கு வரலாம். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் இதை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் ஐந்து, ஒவ்வொன்றும் குறைந்தது 5 மேற்கோள்களைப் பெற்றிருந்தால் ஐந்து என்ற படி தேறும்; இப்படித் தேறும் மிகப் பெரிய எண்ணே எச்-குறியீடு. எட்டுக் கட்டுரைகளுக்கு முறையே 48, 31, 17, 9, 6, 5, 2, 0 மேற்கோள்கள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இறங்குவரிசையில் ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள் இருப்பதால் அது தேறுகிறது. ஆறாவதற்கு 5 மட்டுமே இருப்பதால் எண்ணிக்கை அங்கேயே நிற்கிறது. எனவே குறியீடு 5. முதல் கட்டுரைக்கு 48க்குப் பதில் 4,800 மேற்கோள்கள் வந்திருந்தாலும் இந்த 5 மாறாது. 2019இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கான்ஸ்டான்டின் நோவோசெலோவ், ஆந்த்ரே கெய்ம் உள்ளிட்டோருடன் 2004இல் வெளியிட்ட கிராஃபீன் கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது. எச்-குறியீட்டில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான். ஆதலால் குறியீட்டோடு, மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட மூன்று நான்கு கட்டுரைகளைத் தனியே குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன என்பதை ஓரிரு வரிகளில் எழுதுவது, என் கருத்தில், எந்த எண்ணையும்விடப் பயனுள்ளது.

உட்துறை வேறுபாட்டையும் மறக்கலாகாது. பெரோவ்ஸ்கைட் சூரியமின்கலம், லித்தியம் மின்கலம் போன்ற பரபரப்பான துறைகளில் மேற்கோள்கள் விரைந்து குவியும். எஃகின் அரிப்பையோ உலோகக் களைப்பையோ ஆராய்பவருக்கு அவை மெதுவாகவே வரும். இருவரையும் மொத்த எண்ணிக்கையால் ஒப்பிடுவது நியாயமாகாது. ஸ்கோப்பஸ் தரும் துறைவாரி மேற்கோள் தாக்கம் இங்கே உதவும்: ஒரே துறையில், ஒரே ஆண்டில், ஒரே வகையில் வெளிவந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு, உலகச் சராசரியை 1 எனக் கொள்ளும் அளவு அது. 1.5 என்றால் சராசரியைவிட 50 விழுக்காடு அதிகம். கட்டுரைகள் குறைவாக இருக்கும்போது ஒரே கட்டுரை இதைத் தாறுமாறாக உயர்த்திவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தம்மைத் தாமே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்த கணக்கையும், பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் மதிப்பாய்வுக் கட்டுரைகளை விலக்கிய கணக்கையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்வது நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்வெளியீடுகளையும் சேர்த்தே எண்ணுவதால், அங்குள்ள எண் பெரும்பாலும் ஸ்கோப்பஸிலும் அதைப் போன்ற மற்றொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸிலும் உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். ஒன்றிலிருந்து எச்-குறியீட்டையும் மற்றொன்றிலிருந்து மொத்த மேற்கோள்களையும் எடுத்துக் கலக்கக் கூடாது. விண்ணப்பத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுத வேண்டும்.