மெம்பருக்கு எவ்வளவு கொடுக்கணும்? ஒரு பைசா வேண்டாம்

ஆபரேஷன் தப்பாகிப் போச்சு, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் அங்கே உட்காருகிற மெம்பருக்கு எவ்வளவு கொடுக்கணும்? பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து கேட்கிறவர்கள் பலருக்கும் முதல் சந்தேகம் இதுதான். ஊர்க் கூட்டத்தில் பஞ்சாயத்து பேசுகிறவர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் அப்படி. நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்லும் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் சம்பளம் தருவது மாநில அரசு. அது மாநிலத்துக்கு மாநிலம் ஏறுக்கு மாறாக இருந்ததால், 2025இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு நாடு முழுக்க ஒரே அளவாகக் கொடுக்கச் சொன்னது. இரு தரப்பும் சேர்ந்து நடுவருக்கு ஃபீஸ் கட்டுவது ஆர்பிட்ரேஷன் என்கிற, கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்க்கும் முறையில்தான். அதனால் "மெம்பரை நான் பார்த்துக்கிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் காசு எங்கே போகும்? மனுக் கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

பாடு எல்லாம் காகிதத்தில்தான். கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரி வைத்திருக்கும் உங்கள் சிகிச்சைப் பதிவு) முழுவதையும் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையே சொல்கிறது. கடித நகலில் சீல் வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபால். பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் மடித்து வலைப்பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். வேறொரு டாக்டரின் எழுத்துக் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனாலும் நுணுக்கமான சிகிச்சை என்றால் அது இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம், டாக்டருக்கு எதிராக டாக்டர் லேசில் எழுதித் தர மாட்டார், காசும் அலைச்சலும் அதிகம் போவது இங்கேதான்.

ஒரு விஷயம் முதலிலேயே பாருங்கள். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கதவு திறக்காது. உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பின்படி பதிவுச் சீட்டுக்குக் கொடுத்த சில்லறை கணக்கில் வராது. அப்போது சிவில் கோர்ட், இல்லையென்றால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. காசு வாங்கும் ஆஸ்பத்திரியில் உங்கள் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

ஆபரேஷன் மதுரையில் நடந்திருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே போடலாம். கெடு 2 வருஷம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது பார்த்துக்கலாம் என்று ஒரு தடைக்காலத்தைத் தள்ளினால் பரவாயில்லை, இரண்டாவதையும் தள்ளினால் கெடு தாண்டிவிடலாம், அப்புறம் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக ஒரு மனு போட வேண்டும், அதை ஏற்பதும் தள்ளுவதும் ஆணையத்தின் கையில்.