கேண்டில்கீப்பை விட்டுக் கிளம்புங்கள்: பழைய ஆர்பிஜி கேம்களில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். "அண்ணா, மொத்தம் 90 வந்திருக்கு. வெச்சுக்கவா, இன்னும் உருட்டவா?" கேமில் தன் ஆளை உருவாக்கும்போது, வலிமை முதலான ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டி வந்த எண்களின் கூட்டல்தான் அந்த 90. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கேமை முடித்துவிட்டு, அதே சூட்டில் 1998-இல் வந்த முதல் பாகத்தைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கிறான். வெச்சுக்கோ, கிளம்பு என்றேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், ஆளின் வகுப்பை (போர்வீரன், மந்திரவாதி என்கிற தொழிலை) மாற்றி மறுபடி உருட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரிந்து இதே இடத்தில் சிக்கிய மூன்றாவது ஆள் இவன். முதல் ஆள் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

உச்சி மூலையிலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல் காட்சி அமைந்த, ஐசோமெட்ரிக் என்று சொல்கிற இந்தப் பழைய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல்-பிளேயிங்) கேம்களுக்குள் இப்போது நிறையப் பேர் புதிதாக வருகிறார்கள். நல்ல விஷயம். அடிக்கடி சேவ் செய்யுங்கள், பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசுங்கள் என்ற அறிவுரைகள் எங்கும் கிடைக்கும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நானே விழுந்து எழுந்த பள்ளங்கள் மட்டும் இங்கே.

வந்த வருட வரிசையில் ஆடுவது

1997 ஃபால்அவுட், 1998 பால்டர்ஸ் கேட், 1999 பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், 2000 ஐஸ்விண்ட் டேல், 2001 ஆர்கேனம் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் வரிசையாக ஆரம்பிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்து ஆரம்பியுங்கள். வாசிக்கப் பிடிக்குமா? பிளேன்ஸ்கேப். ஆறு பேரையும் நீங்களே உருவாக்கிச் சண்டைக்கு மேல் சண்டை போட வேண்டுமா? ஐஸ்விண்ட் டேல். சில வாரயிறுதிகளில் ஒன்றை முடித்துப் பார்க்க வேண்டுமா? ஃபால்அவுட். பழைய படங்கள் கண்ணை உறுத்துகிறதென்றால் 2015-இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதில் ஒரு கேவலமும் இல்லை.

ஆனால் பிளேன்ஸ்கேப்பை எடுத்தால் ஒன்று. கை பலமான மல்லனை உருவாக்காதீர்கள். விஸ்டம் (ஞானம்), இன்டெலிஜென்ஸ் (அறிவு), கரிஸ்மா (வசீகரம்) இந்த மூன்று குணங்களில் புள்ளிகளைப் போடுங்கள். அந்த கேமில் நல்லதெல்லாம் பேச்சில்தான் இருக்கிறது, மல்லனுக்குப் பாதி வாசல்கள் திறக்காது.

ஸ்பேஸ் பாரைத் தொடாமல் சண்டை போடுவது

பால்டர்ஸ் கேட் 3-லிருந்து வருகிறவர்களுக்கு முறைவைத்துத் தாக்கிப் பழக்கம். பழைய இரண்டு பாகங்களும் அப்படியில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்வார்கள், நீங்கள்தான் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, உத்தரவு கொடுத்து, மறுபடி ஓடவிட வேண்டும். நிறுத்தாமல் வேடிக்கை பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் பாகத்தின் தொடக்கத்தில் வரும் ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டுதான் பள்ளிக்கூடம். அங்கே டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்பான், நல்லவன்போல் விசாரிப்பான், அடுத்த நொடி தன்னைப்போல் பல உருவங்களை உண்டாக்கிக்கொள்வான். பிறகு ஹாரர் மந்திரம் போடுவான், உங்கள் ஆட்கள் நாலா பக்கமும் சிதறி ஓடுவார்கள். ஓடுகிறவனை நீங்கள் எத்தனை முறை க்ளிக் செய்தாலும் திரும்ப மாட்டான்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவனுக்குக் காயம் பட்டால் அந்த மந்திரம் கலைந்துவிடும். அதனால் அவன் வாயைத் திறந்ததுமே நிறுத்துங்கள், வில் வைத்திருக்கிற அத்தனை பேரையும் அவன்மேல் ஏவுங்கள். செட்டிங்ஸில் ஆட்டோ பாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, எதிரி கண்ணில் பட்டதும் தானாக நிற்கும்படி வைத்துவிடுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கவசத்தின் எண் ஏறினால் சந்தோஷப்படுவது

இறங்க வேண்டும். கவசத்தின் எண்ணான ஆர்மர் கிளாஸ் 10 என்றால் வெற்று உடம்பு, 2 என்றால் நல்ல கவசம், கழித்தல் கணக்கில் போனால் அருமை. உங்கள் அடி எதிரிமேல் படுமா என்று கணக்கிட உதவும் தாக்கோ என்ற எண்ணும் அப்படியே. உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கழியுங்கள், இருபது பக்கப் பகடையில் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். தாக்கோ 20, எதிரி 5 என்றால் 15 விழ வேண்டும். அவ்வளவுதான், இதற்குப் போய் பயந்து கேமையே மூடியவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து

இப்போது அந்த முதல் ஆளுக்கு வருகிறேன். நான்தான்.

2004. கல்லூரி விடுதி. அறைத்தோழனின் அண்ணன் கொடுத்துவிட்ட ஐந்து சிடிகள் கொண்ட பால்டர்ஸ் கேட் பெட்டி. கேம் தொடங்கியதும் இனம், வகுப்பு, அறநிலை, ஆயுதத் தேர்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், எதற்கும் அர்த்தம் தெரியாது. அதற்கு நடுவே வலிமை, சுறுசுறுப்பு முதலான ஆறு குணங்களுக்குப் பகடை உருட்டும் பக்கம் வரும். ரீரோல் பட்டனை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், வினையே அங்கேதான். 78, 81, 75, 84 என்று மொத்தம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், சீட்டாட்டக்காரன் மாதிரி கை நிற்காது. ஒருநாள் அந்த வேகத்தில் 93 வந்தது, நான் பார்த்த அதே நொடியில் விரல் அழுத்திவிட்டது, 93 போய் 76 வந்து நின்றது. உருட்டியதைச் சேமித்து வைக்கப் பக்கத்திலேயே ஒரு பட்டன் இருந்தது, எனக்கு அது அப்போது எதற்கென்றே தெரியாது. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிவரை இன்னொரு 93-க்காக உட்கார்ந்திருந்தேன். 91 வந்தது. மனசே இல்லாமல் எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு ஓநாய் அடித்துச் செத்ததும், 93 இருந்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று தோன்றியது, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

கதை தொடங்கும் கோட்டையின் பெயர் கேண்டில்கீப். அந்த வருடம் எத்தனை முறை அங்கே ஆரம்பித்தேன் என்று எண்ணவில்லை, பதினைந்துக்குக் குறையாது. ரீவரின் கிடங்கில் எலி அடிக்க வேண்டும். ட்ரெப்பினின் பசுவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து ஹல்லின் பெட்டியில் இருக்கிறது. ஃபிலிடியா தொலைத்த புத்தகம் வைக்கோலுக்குள் கிடக்கிறது. ஃபுல்லருக்குக் குறுக்குவில் அம்பு வாங்கிக் கொடுக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தக் கோட்டைக்குள் நடப்பேன், எங்கள் தெருவில் அப்படி நடக்க முடியாது. ஆனால் கேமின் பெயரிலேயே இருக்கிற பால்டர்ஸ் கேட் என்ற நகரம் ஐந்தாவது அத்தியாயத்தில்தான் திறக்கும், அதை நான் பார்க்கவே இல்லை. செமஸ்டர் முடிந்தது, சிடி திரும்பிப் போனது. 2012-இல் என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்து, அதற்கு மறுவருடம் வாங்கித்தான் அந்த நகர வாசலைத் தாண்டினேன். அப்போது என் ஆளின் மொத்தம் 82.

இன்னும் எரிச்சலாக இருப்பது அந்த எண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பின்னால் தெரிந்ததில்தான். இந்த கேம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. அதில் வலிமை 8 என்றாலும் 15 என்றாலும் அடிக்கும் அடியில் ஒரு வித்தியாசமும் இல்லை. 16-க்குத்தான் சேதத்தில் ஒன்று கூடும். சுறுசுறுப்பு 7 முதல் 14 வரை கவச எண்ணை அசைக்காது, 15-இலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி 18-இல் நான்கு குறையும். உடல் தாங்கு திறன் 16-க்கு மேல் போனால் போர்வீரர் வகுப்புகளுக்கு மட்டும்தான் கூடுதல் உயிர். ஆக, வேண்டிய இரண்டு மூன்று குணங்கள் 17, 18 என்று இருந்தால் போதும், மீதி எதுவாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மல்லனின் இன்டெலிஜென்ஸை 9-லிருந்து 14 ஆக்க நான் செலவழித்த இரவுகள் முழுக்கத் தண்டம். மந்திரவாதி என்றால் நிலைமை இன்னும் வேடிக்கை, முதல் லெவலில் நாலிலிருந்து ஆறு உயிர்தான், ஓநாய் ஒரு கடி கடித்தால் எந்த மொத்தமும் காப்பாற்றாது. அவனைக் காப்பாற்றுவது முன்னால் நிற்கிற ஆளும், ஸ்லீப் மந்திரமும்தான்.

அதைவிட, இது ஆறு பேர் ஆட்டம். கூடச் சேர்வதற்கு முதல் பாகத்தில் 25 பேர் இருக்கிறார்கள், அவரவர் எண்களோடு வருவார்கள், உங்கள் ஆள் கட்சியில் ஆறில் ஒருவன். போதாததற்கு, போட்டுக்கொண்டால் வலிமையை 18/00 (18-இலேயே உச்சம்) ஆக்கும் கையுறை, படித்தால் ஒரு குணத்தை நிரந்தரமாக ஒன்று கூட்டும் புத்தகங்கள் என்று வழியெல்லாம் கிடைக்கும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் இதில் சிக்குகிறோம்? முதல் இரண்டு மணி நேரத்தில் நிறையச் சாவீர்கள், அதுதான் காரணம். நிறுத்தி ஆடத் தெரியாது, யாரை முன்னால் நிறுத்துவது தெரியாது, எந்தப் பக்கம் போகக் கூடாது தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழியை எண்களின் மேல் போட்டுவிட்டு மறுபடி உருட்டப் போகிறோம். திரும்பி வரும்போது எண் கொஞ்சம் நன்றாக இருக்கும், கை அதே கைதான். ஆளை எப்படி உருவாக்குவது என்று சொல்லும், இணையத்தில் கிடைக்கும் பில்ட் கைடுகள் இதை இன்னும் கெடுக்கும். அவற்றை எழுதுகிறவர்கள் பத்து முறை முடித்தவர்கள், அவர்களின் கவலை இரண்டாம் பாகத்தின் கடைசிச் சண்டை, உங்கள் கவலை ஓநாய்.

நான் தம்பியிடம் சொன்னது இதுதான். கேரக்டர் உருவாக்க இருபது நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள். தெரியாவிட்டால் வில் எடுத்த போர்வீரன், மனிதன். கேண்டில்கீப்பிலிருந்து கிளம்பிவிட்டால் கதையின் முதல் பெரிய வேலையான நாஷ்கெல் சுரங்கத்தை முடிக்கும்வரை புதிய ஆட்டம் கிடையாது, செத்தால் லோடு மட்டும். சுரங்கம் முடிவதற்குள் விதிகள் கைக்கு வந்திருக்கும், அப்போதும் ஆளைப் பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள். எண் ஆசை அப்படியும் விடவில்லையா, சேவ் கோப்பைத் திருத்தும் சேவ் எடிட்டரில் எல்லாவற்றையும் 18 ஆக்கிவிட்டுப் போ. யாரும் கேட்க மாட்டார்கள். ரீரோல் பட்டன் முன்னால் ஒரு வருடம் உட்காருவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சண்டைக்காரக் கூட்டாளிகள்

பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தில், வழியில் முதலில் சேர வரும் ஸாரும் மான்டரோனும், விடுதியில் காத்திருக்கும் காலிதும் ஜாஹீராவும் ஒரே கட்சியில் நீடிக்க மாட்டார்கள். ஒருநாள் நடுவழியில் அடித்துக்கொண்டு சாவார்கள். ஜோடிகளில் ஒருவரை அனுப்பினால் மற்றவரும் மூட்டையைக் கட்டுவார். முதலிலேயே ஒரு பக்கம் முடிவெடுங்கள்.

ஃபால்அவுட்டில் கூட்டாளி இயனுக்கு எஸ்எம்ஜி என்ற சரமாரித் துப்பாக்கி கொடுப்பது

கொடுக்காதீர்கள். முன்னால் நிற்கும் முதுகு உங்களுடையது.

கதிர்வீச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அதே ஃபால்அவுட்டில் பிரதர்ஹுட் என்ற ஆயுதக் கூட்டத்தின் வாசலில் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், தி க்ளோ என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். திரும்பி வரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அனுப்புகிறார்கள். கயிறு இல்லாமல் உள்ளே இறங்க முடியாது, கதிர்வீச்சைத் தடுக்கும் ராட்-எக்ஸ் மாத்திரை விழுங்காமல் இறங்கக் கூடாது. உள்ளே ஒன்றும் ஆகாததுபோல்தான் இருக்கும். நானும் ஜாலியாகச் சுற்றிவிட்டு வெளியே வந்து, இருந்த ஒரே சேவின் மேலேயே சேவ் செய்துவிட்டுப் பயணம் கிளம்பினேன். சில நாள் போனதும் நடுப் பாலைவனத்தில் செத்தேன். லோடு செய்தேன், மறுபடி அதே இடத்தில் செத்தேன். பையில், ஏறிய கதிர்வீச்சை இறக்கும் ராட்அவே மருந்து ஒன்றுகூட இல்லை. பத்து சேவ் இடம் கொடுத்திருக்கிறார்கள், பத்தையும் பயன்படுத்துங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் எந்திரத்துக்கான சில்லை (சிப்) கண்டுபிடிக்க 150 நாள் கெடு என்பதும் அலங்காரத்துக்குச் சொன்னதல்ல, நிஜமாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

போஷன்களை (மந்திர மருந்துக் குப்பிகளை) சேர்த்து வைப்பது

குடியுங்கள்.

முதல் ஆட்டத்திலேயே முப்பது மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்)

வேண்டாம். எது கேம், எது மோட் என்றே தெரியாமல் போகும்.

கையேட்டைத் திறக்காமல் இருப்பது

அந்தக் காலத்து கேம்கள் பாதி விஷயத்தைத் திரையில் சொல்லாது, கையேட்டில் படித்திருப்பாய் என்று விட்டுவிடும். இப்போது வாங்கினாலும் பெரும்பாலும் பிடிஎஃப்பாகக் கூடவே வருகிறது. பால்டர்ஸ் கேட் கையேட்டில் வோலோ என்ற ஊர்சுற்றி எழுதிக்கொண்டே போவான், எல்மின்ஸ்டர் கிழவர் ஓரத்தில் குறுக்கிட்டு அவனை மட்டம் தட்டுவார், படிக்கவே நன்றாக இருக்கும். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் முதல் இரண்டு லெவல் மந்திரங்களின் பக்கங்களை மட்டுமாவது போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.