ஊசி வலியைக் குறைக்கும், மூட்டைச் சரிசெய்யாது

தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் சின்னம்மாவின் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது. அதற்கு முன் மூன்று தடவை, உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் அக்குபஞ்சர் சிகிச்சை எடுத்திருந்தார், வலியும் நன்றாகவே குறைந்திருந்தது. முட்டி குணமாகிவிட்டது என்று நம்பி, கோர் தே கார்ட் மலைக்கோவில் படிகளில் நிற்காமல் ஏறி இறங்கிவிட்டார்.

மொரீஷியஸில் நம்மவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு இது. ஊசி நரம்பைத் தூண்டும்போது மூளையும் தண்டுவடமும் எண்டார்பின், என்கெபலின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. மார்பின் என்ற கடுமையான வலி மருந்து நரம்பணுக்களில் போய்ப் பிடிக்கும் அதே இடங்களை (ஏற்பிகளை) இவையும் பிடித்து, வலிச் செய்தியை அடக்குகின்றன. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

"மூளையில்தானே நடக்கிறது, அப்போ எல்லாம் பிரமை" என்பது இன்னொரு தவறு. 1977இல் ஓர் ஆய்வில் தாமாக முன்வந்தவர்களின் பல்லில் மின்சாரத்தால் வலி உண்டாக்கினார்கள். கையில் ஊசி குத்தியதும் வலி குறைந்தது. எண்டார்பினைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைச் செலுத்தியதும் அந்த ஆறுதல் போய்விட்டது. ஆக, உடலுக்குள் உண்மையாகவே ஏதோ நடக்கிறது.

ஆனால் இதை வைத்து "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று குதிக்கவும் வேண்டாம். 1978இல், பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு வெறும் போலி மருந்து தந்த ஆறுதலையும் இதே நலோக்சோன் குறைத்தது. நம்பிக்கைக்கும் எண்டார்பின் சுரக்கும்! அலகு குத்தும் பக்தரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. போலி ஊசியோடு (குத்துவது போலப் பாவனை செய்வது, அல்லது வேறு இடத்தில் குத்துவது) ஒப்பிட்ட ஆய்வுகளில் உண்மையான ஊசிக்குக் கிடைத்த கூடுதல் பலன் சிறிதுதான். எலிகளில் 2010இல் செய்த ஆய்வு, குத்திய இடத்திலேயே அடினோசின் என்ற உடல் வேதிப்பொருள் கூடி வலியைத் தணிப்பதாகக் காட்டியது. எலிக்குக் கிடைத்ததை அப்படியே நம் முதுகுக்கு எழுதிக்கொள்ள முடியாது.

அப்புறம், சர்க்கரை இருப்பதை ஊசி போடுபவரிடம் மறைக்காதீர்கள். நம் தீவில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. மரத்துப்போன பாதத்தில் குத்தினால் உறைக்காது, புண்ணானாலும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். புதிய ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லத் தயங்காதீர்கள். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, திடீரெனக் கால் பலமிழப்பது, காய்ச்சலோடு முதுகுவலி என்றால் ஊசிக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.