படிகத்துக்குள் ஒளிந்திருந்த மின்புலம்

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில், லித்தியம் நையோபேட் படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து ஒளியலையின் கட்டத்தை (phase) மாற்றும் வேலை எனக்கு. 532 நானோமீட்டர் பச்சை லேசர் முதல் நிமிடம் வட்டப் புள்ளியாக விழும். பத்து நிமிடத்தில் கோடுபோல இழுபட்டுவிடும். இரண்டு வாரம் கண்ணாடிகளையே திருகிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எந்தப் பக்கமா இழுக்குதுன்னு பார்த்தியா?" என்றார் பக்கத்து மேசை அண்ணன்.

பார்த்தேன். சரியாகப் படிகத்தின் முதன்மை அச்சான சி அச்சுத் திசையில்! எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படிகத்தில் துளியளவு இரும்பு கலந்திருந்தாலும் போதும். ஒளி அதிலிருந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அவை சி அச்சு வழியே நகர்ந்து இருட்டான இடத்தில் சிக்கிக்கொள்ளும். இப்படி மின்னூட்டம் பிரிந்ததும் உள்ளே ஒரு மின்புலம் உருவாகி, பாக்கெல்ஸ் விளைவால் ஒளிவிலகல் எண்ணை மாற்றிவிடுகிறது. கற்றை தன் பாதையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. 1966இல் பெல் ஆய்வகத்தார் இதற்கு 'ஒளிச் சேதம்' என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் இது அழிக்கக்கூடிய சேதம்.

சி அச்சின் இரு முனைகளிலும் உள்ள முகங்களை அலுமினியத் தாளால் இணைத்து, அடுப்பில் 200 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, மெதுவாகவே ஆறவிட்டேன். அவசரப்பட்டால் வெப்பமாற்றமே முகங்களில் மின்னூட்டத்தைச் சேர்க்கும், படிகம் விரிசலும் விடும். மறுநாள் அழகான வட்டம். ஆனால் பச்சை ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே இருந்ததும் மறுபடி இழுபட ஆரம்பித்தது.

கடைசியில் 5 விழுக்காடு மக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகத்துக்கு மாறினேன். அதில் ஒளி படும்போது மின்கடத்தல் அதிகம், மின்னூட்டம் தேங்குவதில்லை. நாள் முழுக்க ஓடியும் புள்ளி வட்டமாகவே நிற்கிறது.