ஹரிக்கேன் சீசனில் க்ரூஸ் போகலாமா? போகலாம், இதையெல்லாம் பார்த்துவிட்டு

செப்டம்பர் மாத கரீபியன் க்ரூஸ் விலையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகள் உள்ள வீடுகளில் யாரும் கிளம்ப மாட்டார்கள், கப்பலை நிரப்பியாக வேண்டும், அதனால் ஜூலையில் சொன்ன விலை நன்றாகவே இறங்கியிருக்கும். இறங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அட்லாண்டிக் ஹரிக்கேன் (கடும் சூறாவளிப் புயல்) சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை உள்ள இரண்டு மாதங்கள்தான் நிஜமாகவே பார்த்து நடக்க வேண்டிய காலம். சராசரியாக ஒரு சீசனில் பெயர் வைக்கும் அளவுக்கு 14 புயல்கள், அதில் 7 ஹரிக்கேன்கள், அந்த ஏழிலும் 3 பெரியவை.

போகலாம் என்பதுதான் என் பதில். பெரும்பாலானவர்கள் கப்பலை நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் புயல் கப்பலைத் தொடுவது அரிது. அது கெடுப்பது கப்பலைச் சுற்றி நீங்கள் போட்டு வைத்திருக்கும் மற்ற எல்லாவற்றையும்: விமான டிக்கெட், விசா, ஆபீஸ் லீவு, பார்க்கிங்கில் நிற்கும் கார், சில சமயம் உங்கள் வீட்டையே. ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் இருந்து டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நம் ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஃபுளோரிடாவில் ஏறுபவர்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

முதலில் கப்பல்

ஹரிக்கேன் சாதாரணமாக மணிக்கு 10, 15 மைல் வேகத்தில் நகரும். க்ரூஸ் கப்பல் 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 23 மைல் போகும். உள்ளே சுற்றும் காற்று 150 மைலாக இருந்தாலும் புயல் நகர்வது நிதானமாகத்தான், அதுவும் நாலைந்து நாள் முன்னாலேயே ஆள் வருகிறான் என்று தெரிந்துவிடும், அதனால் கேப்டன் ஒதுங்கிப் போய்விடுவார். ராயல் கரீபியன் நிறுவனம் இதற்கென்றே தனியாக ஒரு தலைமை வானிலை நிபுணரை வைத்திருக்கிறது. 1998-இல் மிட்ச் ஹரிக்கேனில் ஃபான்டோம் என்ற பாய்மர உல்லாசக் கப்பல் மூழ்கி 31 ஊழியர்கள் இறந்தார்கள். பயணிகளை முன்கூட்டியே பெலீஸில் இறக்கிவிட்டு, புயலுக்கு ஒதுங்க முயன்றபோது புயல் எதிர்பாராத பக்கம் திரும்பியது. அது மெதுவாகப் போகும் பழைய பாய்மரக் கப்பல். இன்றைய பெரிய கப்பல்களின் வேகமும் இன்றைய கணிப்பும் வேறு.

சீசன் முடிந்துவிட்டால் கடல் அமைதியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆந்தம் ஆஃப் தி சீஸ் கப்பல் பெரும் புயலில் மாட்டி, பாதியில் நியூ ஜெர்சிக்கே திரும்பியது 2016 பிப்ரவரியில்.

தீவைப் பார்த்து புக் செய்யாதீர்கள்

புயல் வந்தால் கப்பல் ரூட்டை மாற்றும். கிழக்கு கரீபியன் என்று டிக்கெட் வாங்கியிருப்பீர்கள், செயின்ட் தாமஸ் பக்கம் புயல் என்றால் மெக்சிகோவின் கொசுமெல் பக்கம் போய்விடும். டிக்கெட் ஒப்பந்தத்தில் இந்த உரிமையைக் கப்பல் நிறுவனம் தன் கையில் வைத்திருக்கிறது, நீங்கள் அதற்குச் சம்மதித்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். விட்டுப்போன துறைமுகத்துக்கான கட்டணமும் வரியும் திரும்ப வரும், டிக்கெட் பணம் வராது. கப்பல் நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணம் வரும், ஆனால் அவர்கள் லேசில் ரத்து செய்ய மாட்டார்கள். ஒரு நாள் தள்ளிக் கிளப்புவார்கள், இரண்டு நாள் குறைப்பார்கள், ரூட்டைத் தலைகீழாகப் போடுவார்கள்.

அதனால் இந்தச் சீசனில் கப்பலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாளும் கடலிலேயே சுற்றினாலும் பரவாயில்லை, சாப்பாடும் நீச்சல் குளமும் போதும் என்று தோன்றும் கப்பலா? தாராளமாக எடுங்கள். ஒரு குறிப்பிட்ட தீவில் கல்யாண நாள் கொண்டாட வேண்டும், பவளப்பாறையில் டைவ் அடிக்க வேண்டும் என்றால் பிப்ரவரியில் போங்கள். எக்ஸ்கர்ஷனை (துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றுவதை) கப்பல் வழியாக புக் செய்தால் கப்பல் அந்த ஊருக்குப் போகாதபோது பணம் தானாகத் திரும்பும். வெளியே வாங்கினால் ரத்து விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அரூபா, பொனேர், குராசாவ் மூன்றும் தெற்கே, புயல் வழக்கமாகப் போகும் பாதைக்குக் கீழே இருக்கின்றன, அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எழுதி வைத்த உத்தரவாதம் இல்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் ஹரிக்கேன் கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் இருக்கும் கிரெனடாவின் கரியாகூ தீவைத் துவைத்துப் போட்டது, அதுவும் சீசன் தொடங்கி ஒரே மாதத்தில். அக்டோபர் கடைசி என்றால் தப்பித்துவிட்டோம் என்பதும் தப்புக் கணக்கு. மெலிசா ஹரிக்கேன் ஜமைக்காவில் கரையேறியது 2025 அக்டோபர் 28.

விசா (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

பொதுவாக இந்த விஷயத்தை யாரும் சொல்வதில்லை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறீர்கள், பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகிவிட்டது, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு மட்டும் செல்லுபடியாகிறது. மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் காலாவதியான ஸ்டாம்பிங்கோடே உள்ளே விடும் ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் விதி ஒன்று இருக்கிறது. அதை நம்பி, மெக்சிகோ துறைமுகங்கள் மட்டும் உள்ள க்ரூஸாகப் பார்த்து நம் ஆட்கள் புக் செய்வதுண்டு. சாதாரண மாதத்தில் அது ஒருமாதிரி ஓடிவிடும். ஹரிக்கேன் சீசனில் யுகடான் பக்கம் புயல் திரும்பி, கப்பல் கொசுமெல்லை விட்டுவிட்டு ஜமைக்காவுக்கோ கிராண்ட் கேமனுக்கோ போனால்? அந்த விதி எச்-1பி-க்கு மெக்சிகோ, கனடாவோடு சரி, தீவுகளுக்குக் கிடையாது. எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான் பக்கத்துத் தீவுகளும் சேர்த்தி. கப்பலை அங்கே திருப்பியது நீங்கள் இல்லை என்று வாதாடலாம், ஆனால் இமிக்ரேஷன் கவுன்டரில் நின்று வாதாடும் விஷயமா இது? ஸ்டாம்பிங் உயிரோடு இல்லையென்றால் ஜூன் முதல் நவம்பர் வரை க்ரூஸ் பக்கமே போகாதீர்கள் என்பேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதானால் அவர்களுடைய விசா பலமுறை நுழையும் வகைதானா என்று பாருங்கள். கப்பலின் பயணப் பட்டியலில் உள்ள நாடுகளின் விசா விதியோடு நிற்காமல், மாற்றாகப் போகக்கூடிய நாடுகளின் விதியையும் பார்த்து வையுங்கள்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் க்ரூஸில் பர்த் சர்டிஃபிகேட் போதும். ஆனால் நடுவில் ஏதோ ஒரு தீவில் இறங்கி விமானத்தில் வீடு திரும்ப வேண்டி வந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். இந்தச் சீசனில் பாஸ்போர்ட்டே எடுத்துப் போங்கள்.

இன்சூரன்ஸை எப்போது வாங்குவது

புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால். அவ்வளவுதான் ரகசியம். பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலால் வரும் நஷ்டத்தை ஏற்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே தெரிந்த ஆபத்து. ஆகவே க்ரூஸுக்கு முன்பணம் கட்டிய கையோடு வாங்கிவிடுங்கள். அப்போதுகூட, "எனக்குப் பயமாக இருக்கிறது, போகவில்லை" என்றால் சாதாரண பாலிசி ஒரு காசு தராது. துறைமுகம் மாறிவிட்டது என்பதும் ரத்து செய்ய ஒரு காரணமாக எடுபடாது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகை தனியாக உண்டு, விலை கூடுதல், பொதுவாக 50 முதல் 75 சதவீதம் வரை திரும்பத் தரும். முன்பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். செப்டம்பர் பயணத்துக்கு, மனம் மாறக்கூடிய ஆளாக இருந்தால், அந்தக் கூடுதல் விலை வீண் இல்லை. கப்பல் நிறுவனமே விற்கும் திட்டங்களில் பணத்துக்குப் பதிலாக அடுத்த க்ரூஸுக்கான கிரெடிட் தருபவையும் உண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கிளம்பும் வாரம்

மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையத்தின் தளம் ஒன்று போதும். யூடியூபில் சிவப்பு மஞ்சளாகப் படம் போட்டுக் கத்துபவர்களைப் பார்த்தால் தூக்கம்தான் போகும். ஏழு நாளுக்கான பார்வைப் படத்தில் மஞ்சள் என்றால் புயல் உருவாக 40 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு, ஆரஞ்சு 40 முதல் 60, சிவப்பு அதற்கும் மேல். உருவாகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வரும், ஹூஸ்டன் நேரப்படி காலை 4, 10, மாலை 4, இரவு 10. வெள்ளையாக ஒரு கூம்பு போடுவார்கள் அல்லவா, அது புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது, புயலின் அகலத்தை இல்லை. மையமே மூன்றில் ஒரு பங்கு நேரம் கூம்பைத் தாண்டிப் போகும். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைய முடியாது.

கப்பல் தப்பிவிடும், துறைமுகத்தால் ஓட முடியாது. நம் ஊரில் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது போல, அமெரிக்கக் கடலோரக் காவல்படை விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு என்று நாலு நிலை வைத்திருக்கிறது. பலத்த காற்று வர 72 மணி நேரம் இருக்கும்போது விஸ்கி, பிறகு 48, 24, 12. ஸூலு வந்தால் துறைமுகம் மூடியாகிவிட்டது. செய்தியில் யாங்கி என்று காதில் விழுந்தாலே உங்கள் கப்பல் சொன்ன நேரத்துக்கு உள்ளே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் குறுஞ்செய்திக்குப் பதிவு செய்து வையுங்கள். வேறு ஊரிலிருந்து பறந்து வருபவர்கள் முதல் நாளே வந்துவிடுங்கள், திரும்பும் விமானத்தை மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள்.

வீடும் காரும்

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கொசுமெல்லில் வெயில் காயும்போது புயல் உங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். கரியாகூவை அடித்த அதே பெரில் ஒரு வாரம் கழித்து டெக்சாஸில் கரையேறி, ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஃப்ரீசரில் இட்லி மாவும் மீனும் அடைத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். தோட்டத்து நாற்காலி, பூந்தொட்டி, டிராம்போலின் எல்லாம் உள்ளே போகட்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். வெள்ள இன்சூரன்ஸ் வீட்டு இன்சூரன்ஸில் சேர்ந்தது இல்லை, அரசுத் திட்டத்தில் வாங்கினால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும், அதனால் க்ரூஸ் வாரத்தில் யோசித்துப் பயனில்லை. காரைத் திறந்த வெளி லாட்டில் விடாமல் மாடி கராஜில் மேல் தளமாகப் பார்த்து விடுங்கள்.

கேபினும் தலைசுற்றலும்

புயலுக்கு இருநூறு மைல் தள்ளிப் போனாலும் அலை ஆட்டம் வந்து சேரும். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு. மெக்லிசின் என்ற தலைசுற்றல் மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்னால் போட வேண்டும், வந்தபின் போட்டால் பலன் குறைவு. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

தாமதமாகத் திரும்பினால்

2017-இல் ஹார்வி ஹரிக்கேன் அடித்தபோது கால்வெஸ்டன் மூடிக்கிடந்தது, அங்கே திரும்ப வேண்டிய கப்பல்கள் சில நியூ ஆர்லியன்ஸுக்கும் ஒன்று மயாமிக்கும் போயின. கப்பலில் சோற்றுக்குப் பஞ்சம் வராது, மாத்திரைக்குத்தான் வரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, இன்சுலின், குழந்தையின் ஃபார்முலா எல்லாவற்றையும் ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துப்போங்கள், பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். திங்கட்கிழமை காலை முக்கியமான மீட்டிங் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பும் கப்பலில் ஏறாதீர்கள். மேனேஜரிடம் கிளம்பும் முன்பே "இரண்டு நாள் தள்ளிப் போகலாம்" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நாய் வளர்ப்பவர்கள் கென்னலிலும் (நாயை விட்டுச் செல்லும் விடுதியிலும்) அதையே சொல்லி, கூடுதல் நாளுக்கு என்ன வாங்குவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.